டாலர் இல்லாத வரி

ஷார்ஜா, தொழிற்பேட்டை பத்து.
காயலான் கடையில் குல் ரஹ்மான் நாற்பது திர்ஹம் என்றான்,
முப்பத்தைந்துக்கு இறங்கினான்.
விசைகளில் பாதி அரபி, மீதி தேய்ந்துபோனது.
சக்ர் என்று பெயர். பாறை என்று அர்த்தமாம்.
தூக்கினால்
காலி டிபன் டப்பா கனம்.

அறையில் எட்டுப் பேர், ஒரே குளியலறை.
ஜூலையில் மொட்டைமாடித் தொட்டி
தானே உலை வைத்துக்கொள்ளும்.
விடியுமுன் ஒரு மணி நேரம்தான்
தண்ணீர் தண்ணீராக இருக்கும்.
சுவரில் ஒட்டிய முறைத் தாளில்
யாராவது பேனாவால் அஞ்சை ஆறாக்கிவிடுவார்கள்.
திரையில் வந்தால் திருத்த முடியாது என்றேன்.
"இதுக்கு போன்ல ஒரு குரூப் போதாதால?"
என்றான் பெர்க்மான்ஸ்.
போதும்தான். சொல்லவில்லை.

எனக்கு லிஃப்ட் வேலை.
பழைய கட்டடங்களின் போர்டுகளில்
இதே சில்லுதான் மாடி எண்ணிக்கொண்டு கிடக்கும்.
அதன் பேச்சை அங்கேதான் பிடித்தேன்,
கூண்டின் கூரைமேல் குந்தி,
சர்வீஸ் ரசீதின் முதுகில்:
சுழி ஈ, சுழி ஒன்பது,
சி டி, சுழி ஐந்து, சுழி சுழி.

எட்டுக்கு எட்டுப் புள்ளிக்குள் தமிழ்.
'ட' வந்ததும் உட்கார்ந்துகொண்டது.
'ழ' மூன்று இரவு கேட்டது.
'ஞ'வை வாலை நறுக்கி ஏற்றினேன்.
மெய்க்குப் புள்ளி வைக்க வரிசை மிஞ்சவில்லை.
ஓலையில் எழுதியவர்கள் மட்டும் வைத்தார்களா என்ன?
பெரகமானஸ என்று திரை சொன்னது.
"ஏல, எம் பேர உரிச்சிட்டியே!"

நிரல்கள் வந்து தங்கும் இடத்துக்குக்
கையேட்டில் தற்காலிகப் பகுதி என்று பெயர்.
வேலை முடிந்தால் இறங்கிவிட வேண்டும்.
மேல்மாடியில் ஓ.எஸ். நிரந்தரமாகக் குடியிருக்கும்.
படித்ததும் சட்டைப்பையில் பத்தாக்காவைத்
தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அந்த ஓ.எஸ்.ஸுக்கு ஒரு பழக்கம்.
எழுது என்றால் எழுதிக்கொண்டே போகும்,
டாலர் குறியைக் கண்டால்தான் வாய் மூடும்.
எல்லாப் பேச்சும் பணத்தில் முடிய வேண்டும்,
ஊருக்குப் பேசும் போன் மாதிரி.

ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை
பழைய பட்டியலை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு
அதன் மேலேயே புதியதை ஏற்றினேன்.
எட்டு இப்போது ஏழு.
கடைசிப் பேருக்குப் பின் டாலர் போட மறந்திருக்கிறேன்.

5.10 இசககிமுதது
5.20 பெரகமானஸ
வரிசையாக வந்து
5.50 நைனா வரைக்கும் சரி.
அதற்கும் கீழே
வடியான 6.00
என்று வந்து நின்றது.

யேசுவடியான்.
முன்பாதியைப் புதுப் பட்டியல் மிதித்துவிட்டது,
பின்பாதி அப்படியே கிடந்திருக்கிறது,
யாரும் துடைக்காத நினைவகத்தில்.
அவன் பேருக்குப் பின்னால் நான் அன்று போட்ட டாலர்தான்
இன்று இயந்திரத்தை நிறுத்தியிருக்கிறது.

மே மாதம் அவனைக் கம்பெனி கழற்றிவிட்டது.
ஏர்போர்ட் போகிற அன்று நூற்றைம்பது கேட்டான்.
சம்பளம் வரட்டும் என்றேன்.
சம்பளம் வந்தது.

பெர்க்மான்ஸ் சிரிக்கத் தொடங்கி
பாதியில் விட்டான்.
நைனா தட்டைக் கழுவ எழுந்து போனார்.
ஏசி சொட்டும் வாளி நிறைந்திருந்தது,
அதைக் கொட்டப் போனவனும் உடனே திரும்பவில்லை.

ஒரே ஒரு பைட்: இரண்டு நாலு.
போட்டேன், ஓட்டினேன், ஏழோடு நின்றது.
திரையில் இல்லை, அவ்வளவுதான்.
கரண்ட் இருக்கும்வரை உள்ளே இருப்பான்.
அன்று ராத்திரி அணைக்காமல் படுத்தேன்,
ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

காலையில் எழுந்தால்
யாரோ ரைஸ் குக்கருக்காகப் பிளக்கைப் பிடுங்கியிருந்தார்கள்.
மறுபடி ஏற்றினேன்.
ஏழு பேர், ஒரு டாலர்.
ஆறு மணிக்குக் குழாயைத் திறந்தேன்.
தண்ணீர் அதற்குள் சுட ஆரம்பித்திருந்தது.