மூன்றாவது குழாய்

இரவு பதினொன்றேகால். பன்னேருகட்டா சாலையில்
கடைசி பஸ்ஸும் போய்விட்டது.
ஐஸ் பெட்டிக்குள் விரல் நுனியளவு மூளை,
இரண்டு வருடம் மைனஸ் எண்பதில் கிடந்தது.
இளகுவதற்குள் அரைத்தாக வேண்டும்.

கண்ணாடி உரல், கண்ணாடி உலக்கை.
மேலும் கீழுமாகப் பதினைந்து தடவை, நுரை வரக் கூடாது.
பதினாறில் கரு உடையும் என்பாள் ஷரயூ.
அவள் உடைத்திருக்கிறாள்.

செல்லின் சுவர் போய்விடும், கரு மட்டும் மிஞ்சும்,
வீடு இடிந்த பிறகும் பூட்டியே நிற்கிற பீரோ மாதிரி.
உள்ளே, கடைசி மணியில்
எழுதத் தொடங்கி முடிக்காத ஆர்.என்.ஏ.
அதைத் தின்ன என் கைவியர்வை போதும்.
அதனால் இரட்டைக் கையுறை. அதனால் தும்மலைக்கூட
கதவுக்கு வெளியே கொண்டுபோய்த் தும்முகிறேன்.

இயந்திரம் துளித்துளியாகப் பிரிக்கிறது.
பச்சை ஒளிர்ந்தால் நியூரான், இடப்பக்கம் சாயும்.
சிவப்பு, நரம்புக்கு உறை போடுகிறவை, வலப்பக்கம்.
இரண்டு நிறமும் ஒட்டாதவை
நேராக விழுந்து கழிவுப் பாட்டிலுக்குப் போகும்.
திரையின் மூலையில் அவை ஒரு சாம்பல் புகை.
அதன் பெயர்: மற்றவை.

காத்திருக்கும் நேரத்தில் படிவத்தைப் படித்தேன்.
பி-217. ஆண். அறுபத்தெட்டு.
இறந்து ஐந்து மணி நேரத்தில் எடுத்தது.
தொழில்: மற்றவை.
தாய்மொழி: மற்றவை.
ஒப்புதல்: மகள்.
கையெழுத்தின் நடுவில் பேனா எங்கோ நின்றிருக்கிறது,
அந்த இடத்தில் மட்டும் மை பரவியிருக்கிறது.

ஒரு மணிக்குக் கரண்ட் போனது.
யு.பி.எஸ். கத்திய நான்கு நொடியும்
நூலாக இறங்கிய நீர்
நடுங்கியது, அறுந்துவிடவில்லை.

அப்புறம் ஏன் என்று தெரியாது,
செய்முறைத் தாளில் இல்லாததைச் செய்தேன்.
சாம்பல் புகையைச் சுற்றி மவுஸால் ஒரு வேலி.
கீழே மூன்றாவது குழாய்.

நாலரை. பச்சை முப்பத்தோராயிரம்,
சிவப்பு ஐம்பத்திரண்டாயிரம்,
மற்றது பதினெட்டாயிரத்துச் சொச்சம்.
மூன்றையும் சேர்த்து ஊற்றினாலும்
ஒரு கண் நனையாது.

ஷரயூ வந்தால் கேட்பாள்,
இதைப் படிக்கிற செலவை யார் தலையில் கட்டுவது என்று.
பதில் இல்லை. மார்க்கர் மூடியைப் பல்லால் கழற்றி
(அப்படிச் செய்யவே கூடாது)
எண்ணை எழுதினேன், தேதியை எழுதினேன்.
என்ன செல் என்று எழுதும் இடத்தில்
நுனி கொஞ்ச நேரம் நின்றது.
மை பரவியது.