இல்லாததற்கு நான்கு எண்கள்

சமாதானபுரத்தில் டயர்க் கடைக்கு மேலே
ஒரு மேசை, இரண்டு திரை, கழுத்து ஒடிந்த விசிறி.
இங்கேதான் ரத்த அழுத்தத்துக்குக் கிளை ஒட்டுகிறேன்.
வேர் திரையின் உச்சியில் இருக்கும்,
மரம் தலைகீழாக இறங்கும்.
மேல் அழுத்தம், கீழ் அழுத்தம், கைப்பட்டையின் அகலம்,
அளந்தபோது உடம்பு இருந்த நிலை.
எங்கள் பக்கம் உட்காருவதும் இருப்பதும் ஒரே வினை.
‘இருந்த நிலை’ என்று எழுதி, அழித்து,
‘உட்கார்ந்த நிலை’ என்று எழுதினேன்.

யாருக்கும் பட்டா இல்லாத மரம் இது.
நார்வேயில் ஒருவர் ஒரு கிளையைத் திருத்துவார்,
பிரேசிலில் ஒருவர் ஏன் என்பார்.
தமிழ் நிரலை நிரப்புவது மட்டும் என் பாடு.

மார்ச்சில் சோதனைப் பதிப்போடு முக்கூடல் போனேன்.
எமல்டா சிஸ்டர் டேப்லெட்டைச் சேலைத் தலைப்பில் துடைத்தார்.
“சுளகை மடியில வச்சிக்கிட்டு
பீடி சுத்துத கையோட நீட்டுதாவ.
இதை உட்கார்ந்ததுன்னு போடவா,
வேலையில இருக்காவன்னு போடவா, சார்?”
மரத்தில் அதற்கும் ஒரு கிளை உண்டு,
‘அளவைக் குழப்பும் காரணிகள்’.
நானறிய யாரும் திறந்ததில்லை.
சிஸ்டர் திறந்து தட்டினார்:
வலக்கையில் கத்தரி. அளந்தது இடக்கை.

பிரம்மசக்தி. பிறந்த தேதி?
“பெரு வெள்ளத்துக்கு மறு வருசம்.
மாசமெல்லாம் அம்மை சொல்லல.”
1993, ஒரு கோடு, இரண்டு கேள்விக்குறி,
ஒரு கோடு, இரண்டு கேள்விக்குறி.
கருவி சிவக்கவில்லை. ஏற்றுக்கொண்டது.
அன்று காலை முழுவதும் எனக்கு அதில் ஒரு பெருமை,
நான் செய்யாத காரியத்துக்கு.

பிள்ளைகள்?
“இருக்கது ரெண்டு.”
பெத்தது?

கத்தரி ஓர் இலையை நறுக்கியது.
அடுத்ததையும்.
வெளியே கம்பெனி வண்டி ஹாரன் அடித்தது,
கட்டு எண்ண ஆள் வந்துவிட்டது.

அந்தக் கட்டம் வெறுமையை ஒப்பாது.
எண் வேண்டும். எண் இல்லையென்றால்
ஏன் இல்லை என்பதற்கு ஓர் எண் வேண்டும்.
உலகத்துக்கெல்லாம் சேர்த்து நான்குதான்:
271, தகவல் இல்லை.
253, தெரியாது.
273, பொருந்தாது.
272, மறைக்கப்பட்டது.
ஜனவரியில் ஒரே காப்பியில் மொழிபெயர்த்து முடித்தவை.

“தகவல் இல்லையா? அவகிட்ட இருக்கு.
தெரியாதா? அவளுக்குத் தெரியாம
வேற எவளுக்குத் தெரியும்?”
மூன்றாவதில் என் விரல் இருந்தது.
சிஸ்டர் என்னைப் பார்த்தார்.
விரலை எடுத்தேன்.

“அந்தக் கடைசி...
மறைச்சது யாருன்னு கேக்குமா?”
கேட்காது.
“அப்ப அதையே போடுங்க”
என்றாள் பிரம்மசக்தி, தலை நிமிராமல்,
நூலைப் பல்லில் கடித்தபடி.

152, 96. பச்சை டிக்.
மாத்திரை முப்பது. உப்பைக் குறைக்கணும்.
அவள் கட்டுகளை அள்ளிக்கொண்டு ஓடினாள்.

பேட்டை வரை பஸ்ஸில் நின்றே வந்தேன்.
விதிநூல் சொல்கிறது: தகவல் உண்டு,
இங்கே தரப்படவில்லை.
நான் எழுதியதோ ‘மறைக்கப்பட்டது’.
யாரோ வந்து மறைத்துவிட்டுப் போனதுபோல.
அந்தச் சொல்லில் அவள் இல்லை.
இரவே மாற்றினேன்:
272, பொத்தி வைத்தது.
கோப்பை முக்கூடலுக்கு அனுப்பினேன்,
பிறகு முறைப்படி, மேலிடத்துக்கும்.

மதிப்பாய்வாளர் சென்னைக்காரர், நல்ல மனிதர்.
மூன்றாம் நாள் பதில்:
“பொருள் சரி. கலைச்சொல் இல்லை. ஏற்பதற்கில்லை.”
வாதாட ஒரு பத்தி எழுதினேன்.
படித்துப் பார்த்தேன்.
அவளுடைய கத்தரியை நான் என்ன உரிமையில்
அடிக்குறிப்பாக வைப்பது?
அனுப்பவில்லை.

பட்டியலில் பழைய சொல் திரும்பிவிட்டது.
முக்கூடல் டேப்லெட்டில் மட்டும் என் கோப்பு.
வாரம் ஒருமுறை சிஸ்டரைக் கூப்பிடுகிறேன்,
புதுப்பித்துவிடச் சொல்லி.
“டவர் கிடைக்க மாட்டேங்கு, சார்” என்கிறார்
துல்லியமாகக் கேட்கிறது.