கூலிச் சன்னல்

பத்திரத்தில் இதன் பெயர் கிளென்மோர்.
நாகலூர் பஸ்ஸில் சொன்னால்
'ஓட்டை பங்களாதானே, இறங்குங்க' என்பார் நடத்துநர்.
இரண்டு பெயருக்கும் சேர்த்து
பதினெட்டு வருடம் தவணை கட்ட வேண்டும்.

மேற்கு அறைக்குக் கூரை இல்லை.
கணப்படுப்புக்கு முதுகைக் காட்டியபடி
நடு அறையில் ஒரு கொய்யா மரம்.
அதை வெட்டும் நாளை
மூன்று முறை தள்ளிப்போட்டார் தேவசகாயம்,
உருக்காலையில் இரும்பை வெட்டுகிறவர்.

சிமெண்ட் ஆகாது என்றார் மேஸ்திரி பொன்ராசு.
'இது மூச்சு விடுற சுவரு.
சிமெண்ட்ட பூசுனா உள்ளயே வேர்த்துச் சாகும்.'
தொட்டியில் கடுக்காய் ஊறியது,
வெல்லம் கரைந்தது,
சுண்ணாம்பு கொதித்து அடங்கியது.
சனிக்கிழமைதோறும்
இருபது கொண்டையூசி வளைவும் வாந்தியெடுக்காமல் ஏறி வந்து
தொட்டியை மோந்து பார்த்து
'கேக் வாசனை' என்றாள் ஜெனிட்டா.
வெல்லச் சாக்கை நக்கிப் போன காட்டெருமைக்கும்
அதே அபிப்பிராயம்.

அறைக்கு இரண்டு கதவு:
ஒன்று வருகிறவர்களுக்கு,
ஒன்று கண்ணில் படாமல் போகிறவர்களுக்கு.
இத்தனை வாசல் வைத்த வீட்டில்
கட்டிலைச் சாத்த ஒரு சுவர் இல்லை.

ஆடி மாதம்
ஆபீஸ் அறையில் ஒரு பலகையைப் பெயர்த்தார்கள்.
நீலம், பச்சை, ரோஸ் என்று
நான்கு பூச்சுக்குப் பின்னால்
சாப்பாட்டுத் தட்டு அளவில்
இரும்புக் கதவு போட்ட சன்னல்.
உள்ளே உட்கார்ந்தால் நெஞ்சுக்கு நேர்.
வெளியே தரை தாழ்வு;
கையைத் தலைக்கு மேல் தூக்கினால்தான் எட்டும்.

'கூலிச் சன்னல்' என்றாள் சடையம்மா,
தலையிலிருந்த மணலை இறக்காமலே.

வாசற்படி போல ஒரே கருங்கல் கீழே.
உள்பக்க விளிம்பு
நேற்று உளி பட்டது போல் கூர்.
வெளிப்பக்கம் வழுக்கை,
கிணற்றுக் கயிறு ஓடிய கல்லைப் போல.
விரல் வைத்துப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு வெளியே போனது.
இவர் வீட்டார்
இந்த மலையில் எங்கோ காப்பிப் பழம் பறித்தவர்கள்.
எந்த எஸ்டேட் என்று
யாரும் கேட்டு வைக்கவில்லை.

கண்ணாடி போட்டு உள்ளே விளக்கு வைக்கலாம்,
விருந்தாளிகள் ரசிப்பார்கள் என்றார்
ஃபேர்லேண்ட்ஸிலிருந்து வந்த எஞ்சினியர்.
கொய்யாவை வெட்டத் தெரியாத மனிதர்
'செங்கல் வச்சு அடைங்க' என்றார் உடனே.
நான் இரண்டுக்கும் வாய் திறக்கவில்லை.
'முடிவச் சொல்லுங்க,
ரெண்டு நாள் கூலி வீணாப் போகுது'
என்றார் பொன்ராசு.

அந்தச் சனிக்கிழமை மழை.
காலையில்தான் சிவப்புத் தரை போட்டிருந்தார்கள்.
மூலையில் காய்ந்திருந்த ஒரு முழ இடத்தில்
நாற்காலி போட்டுக் கணக்கு முடித்தார் இவர்.
வெளியே கூரை நுனிக்குக் கீழே
ஒன்பது பேர் ஒண்டி நின்றார்கள்.
ஐநூறு, ஆயிரம், ஆயிரத்து இருநூறு என்று
எண்ணிய கை
பக்கத்தில் இருந்ததாலேயே
சன்னல் பக்கம் நீண்டது.
நீண்டு
கல்லைத் தொட்டதும் நின்றது.

எழுந்தார்.
காயாத தரையை மிதித்து
இரண்டு கதவு தாண்டி
குடையில்லாமல் சுற்றிப் போய்
ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார், நனைந்த நோட்டுகளை.

'அந்த ஓட்டையிலயே நீட்டியிருக்கலாமே சார்,
பணமெல்லாம் ஈரம்'
என்றாள் சடையம்மா,
ஜாக்கெட்டுக்குள் வைக்குமுன்
தாள் தாளாக உதறியபடி.

திட்டிக்கொண்டே தரையைத் தேய்த்தார் மேஸ்திரி.
அலமாரிக்கு அடியில்
ஒரு குதிகால் இன்னும் இருக்கிறது.

குடி வந்து ஐந்து மாதம்.
சன்னலை அடைக்கவில்லை, விளக்கும் வைக்கவில்லை.
அதன் கொக்கி சரியாக மாட்டாது;
பனி அதன் வழியாகத்தான் வருகிறது.
ஜெனிட்டா கம்பளிக்குள் இருந்து கத்துகிறாள்,
யாராவது எழுந்து ஒரு துணியாவது சொருக வேண்டும் என்று.
மேற்கு அறைக்கு ஓடு வாங்கப் பணம் இல்லை,
கொய்யாவும் காய்த்துவிட்டது.
நடத்துநர் சொல்வது
இன்னும் பொய்யாகவில்லை.