முட்டை வாடை

இரவுப் பணி முடித்துக் கையெழுத்திட்டபோது மணி ஏழு.
தில்லி ஜனவரியில் ஏழு மணி என்றால்
விடிந்துவிட்டதாக ஒரு வதந்தி, அவ்வளவுதான்.
பியூலாவும் நானும் தூங்கப் போகவில்லை.
மஞ்சள் லைனில் கடைசி நிறுத்தம்,
அங்கிருந்து சோனா போகும் பஸ்,
பாதியில், ஒரு மூடிய கல்குவாரி வாசலில்,
'இங்கேயா? இங்கே ஒன்றுமில்லையே' என்று
கண்டக்டர் இரண்டு முறை கேட்டபின் இறங்கினோம்.

வழி சொன்னவர் பதினோராம் கட்டில்,
இடுப்பெலும்பு முறிந்த லாரி டிரைவர் பல்பீர்.
காய்ச்சல் அட்டையின் பின்பக்கம் வரைந்து தந்தார்:
ஒரு கோடு, அது பள்ளம்.
ஒரு பெருக்கல் குறி, அது நாய் உள்ள வீடு.
முடிவில் ஒரு வட்டம், மேலே மூன்று நெளிவு.
'என் இடுப்பையும் கொண்டுபோய் நனைத்து வாருங்கள்.'

எப்போதோ பெய்த மழை அறுத்துவிட்டுப் போன வழி அது.
இருபக்கமும் பாறை, முதலில் ஆள் உயரம்,
பிறகு பனை உயரம். துரு நிறம். தொட்டால் ஐஸ்.
மணலில் நீல்காயின் குளம்புத் தடம்,
முள்ளம்பன்றி கழற்றிப் போட்ட ஒரே ஒரு முள்,
யாரோ அறுத்த பட்டத்தின் வால்.
ரிப்பன் அகலத்துக்கு வானம், அதுவும் சாம்பல்.

வழி நெடுக அந்த மரம்.
முதுகுளத்தூர்க்காரிக்கு அதை யாரும் காட்ட வேண்டாம்.
அங்கே சீமைக்கருவேலம்,
இங்கே விலாயதி கீக்கர்.
இரண்டு மொழியும் அதை வெளியே போ என்கின்றன,
அது இரண்டு இடத்திலும் வேர் விட்டு நிற்கிறது.
துப்பட்டாவில் முள் மாட்டியபோது
சொந்தக்காரியைத் திட்டுவதுபோல் திட்டினேன்.

பாதி வழியில் கின்னு ஆரஞ்சு.
பியூலா உரித்தாள். உரித்த தோலை
மூக்கருகே கொண்டுபோனாள்,
ஒன்றும் சொல்லாமல் போட்டாள்.
அந்த ஏப்ரலில், வராந்தாவிலும் கட்டில் போட்ட ஏப்ரலில்,
போன மூக்கு. மூன்று வருடம்.
முனிர்க்கா அறையில் ஒரு முறை
கேஸ் கசிந்தபடியே தூங்கியிருக்கிறாள்.
வார்டில் புழு வைத்த புண், அழுகிய கால்,
எல்லாவற்றுக்கும் அவளையே கூப்பிட்டார்கள்.
'உனக்குத்தான் தெரியாதே.'
நானும் கூப்பிட்டிருக்கிறேன்.
இரண்டு முறை. இல்லை, மூன்று.

நாய் உள்ள வீட்டில் நாய் இல்லை.
பள்ளம் ஒரு முட்டுச் சுவரில் திரும்பியதும்
பாறையிலிருந்து மூச்சு வந்தது, வெள்ளையாக.
கீழே இடிந்த தொட்டி, பச்சைப் பாசி,
முழங்கால் அளவுக்குக் கொதித்து ஆறிய தண்ணீர்,
பேரனை உட்காரவைத்துத் தேய்க்கும் ஒரு மூதாட்டி,
அவன் கத்தல், பாறை திருப்பிக் கத்துகிறது.

'ஏட்டி, நாறுதுல்லா?' என்றாள் பியூலா.
'அழுவுன முட்டை. நாறுது. நாறுதுட்டி!'
செருப்போடு இறங்கினாள்.
இரு கையிலும் அள்ளி முகத்தில் வைத்துக்கொண்டு
அதற்குள்ளேயே ரொம்ப நேரம் இருந்தாள்.
அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள்,
இந்தப் பெண்ணுக்கு என்ன என்று.
எனக்கு இந்தி மறந்துவிட்டது.

பிறகு யோசித்தேன்:
அதற்குமுன் நான் மூக்கைச் சுளித்தேன் அல்லவா,
அதைப் பார்த்துச் சொன்னாளோ?
கேட்கவில்லை. கால் விரல்கள் சிவந்துகிடந்தன,
பல்பீர் இடுப்புக்காக
இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம்.

திரும்பும் மெட்ரோவில் ஈரத் துண்டை
மடியில் வைத்துக்கொண்டு தூங்கினாள்.
பக்கத்தில் உட்கார்ந்த ஆள் எழுந்து போனார்.

மறுநாள் இரவு நாலாம் கட்டில்,
சர்க்கரை தின்ற கால், கட்டு மாற்ற வேண்டும்.
வழக்கம்போல் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.
டிரேயை எடுத்துக்கொண்டு போனாள்.
திரைக்கு இந்தப்பக்கம் நின்று,
என்னைப் பார்க்காமல்,
இன்னொரு மாஸ்க் கேட்டாள்.