பாதித் தலை

தலவாக்கலை. ஞாயிறு, பின்னேரம் நாலரை.
அந்தோனிமுத்து அண்ணனின் சலூனில்
என் தலையில் இடப்பக்கம் முடிந்திருந்தது.
அப்போதுதான் டிலுக்‌ஷன் ஃபோனைத் தூக்கிக் காட்டினான்:
"சாம்பலனை மறுபடியும் முதல்ல இருந்து எடுக்கிறாங்களாம்.
புது நடிகன். புது டைரக்டர்."

கத்தரிக்கோல் என் காதுக்கு மேலே
காற்றில் நின்றது.

"எத்தனாவது தடவை?"
மூன்றாவது.
மூன்றாவது தடவையாக அந்த நகரம் எரியப்போகிறது.
மூன்றாவது தடவையாக ஒரு சின்னப் பையன்
சாம்பலுக்குள்ளிருந்து எழுந்து அம்மாவைத் தேடுவான்.
ஒன்றுமே தெரியாதவர்கள் போல
நாங்களும் உட்கார்ந்திருக்கவேண்டும்.

அண்ணன் முதல் டைரக்டரின் கட்சி.
"அந்த மனுசன் படத்துல மழை பேஞ்சா சட்டை நனையும்.
பறக்கிறதுக்கு முந்தி சாம்பலன் ஒருக்கா இருமுவான், ஞாபகமா?
அந்த இருமல்தான்டா படம்."

டிலுக்‌ஷன் இரண்டாவது ஆளுக்காக உயிரை விடுவான்.
"இருமிக்கிட்டே இருந்தா எப்ப அண்ணே பறக்கிறது?
உங்காளு படத்துல அரைவாசி நேரம்
அவன் சன்னலையே பார்த்துக்கிட்டு நிக்கிறான்.
சன்னலைப் பார்க்கிறதுக்கு டிக்கெட் எதுக்கு?
இங்க திறந்தா சும்மாவே பனி வருதே."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.
ஒருவர், வசூல் இரண்டாவதுக்குத்தான் என்றார்.
அண்ணன் சீப்பை மேசையில் அடித்தார்:
"வசூலைப் பார்த்தா சாராயக்கடைக்காரன்தான்
இந்த டவுன்லயே பெரிய டைரக்டர்."

நான் வாய் திறக்கவில்லை.
தலை ஒருவர் கையில் இருக்கும்போது
எதிர்க்கட்சியில் சேர்வது புத்தியில்லை.

தம்பியைக் கூட்டிவந்த சுகிர்தா
வாசலில் குடையை உதறினாள்.
"கவ்வாத்து வெட்டின மலையைப் பார்த்திருக்கீங்கதானே?
முழங்கால் உயரத்துக்குக் குச்சி குச்சியா நிக்கும்.
தெரியாதவனுக்கு அது செத்த மலை.
வேர் பழசு, வாற கொழுந்து புதுசு.
ஏன் திரும்ப வெட்டினேன்னு யாரும் சண்டைக்குப் போறதில்லை."

"அதைத்தான் நானும் சொல்றேன்," என்றான் டிலுக்‌ஷன்.

"நீ கொழுந்தை மட்டும் சொல்ற.
கத்தி சரியாப் படலைன்னா தண்டு பிளக்கும்,
பிளந்த இடத்துல தண்ணி நின்னு அழுகும்.
வெட்டலாமா வேணாமான்னு இல்ல,
யாரு வெட்டுறான்னுதான் பார்க்கணும்."

"அப்படிப் போடு!" அண்ணன் என் தோளில் தட்டினார்.

"உங்காளும் ஒண்ணும் பெரிசில்ல அண்ணே.
ரெண்டு பேருமே பத்தாவது நிமிசத்துல
அந்த அம்மாவைக் கொன்னுட்டாங்க.
அவளுக்குப் பேர் என்ன? சொல்லுங்க பார்ப்போம்."

மழை தகரத்தில் கேட்டது.
எனக்கு அவளுடைய பச்சைச் சால்வை தெரியும்.
எரிந்த கதவின் இலக்கம் தெரியும், நாற்பத்தொன்று.
வில்லனின் நாய்க்குப் பெயர்கூடத் தெரியும்.
டிலுக்‌ஷன் கூரையைப் பார்த்தான்.
அண்ணன் கண்ணாடிக்குள்ளே என்னைப் பார்த்தார்,
நான் ஒளித்து வைத்திருப்பது போல.

கரன்ட் போனது.
பனி வாசல் வரைக்கும் வந்து நின்றது.
"இருட்டுல வெட்டினா காது போயிரும் தம்பி.
காலையில வா, காசும் அப்பவே தா."

தொப்பி இல்லை. டிலுக்‌ஷனின் லேஞ்சியைக் கட்டிக்கொண்டு
பாதி பழைய ஆளாக, பாதி புதிய ஆளாக
லயத்துக்கு ஏறினேன்.
இடது காது மட்டும் குளிர்ந்தது.

இரவு பதினொன்றரைக்கு டிலுக்‌ஷனிடமிருந்து செய்தி:
"ரெண்டு படத்துலயும் கடைசியில ஓடுற பேரெல்லாம்
நிப்பாட்டி நிப்பாட்டிப் பார்த்தேன்.
சாம்பலனின் அம்மா. அவ்வளவுதான் போட்டிருக்கு."
கொஞ்சம் கழித்து இன்னொன்று:
"சுகிர்தாகிட்ட சொல்லிராத."

காலை ஏழே முக்கால்.
அண்ணன் பேசாமல் வலப்பக்கத்தைத் தொடங்கினார்.
இரண்டு வெட்டு. மூன்று.
"ராத்திரியெல்லாம் யோசிச்சேன். நாமளே வச்சா,
அவளுக்கு என்ன பேர் பொருந்தும்?"

கத்தரிக்கோல் மறுபடியும் காற்றில்.
வெளியே எட்டு மணி பஸ்
ஹோர்ன் அடித்துவிட்டுப் போனது.