முகம் மாற்றிய பலகை

செர்ரி மரப் பலகையில்
மெல்லிய தாளைக் குப்புற ஒட்டிச் செதுக்குகிறவன் நான்.
எனக்கு எல்லோரும்
இடம் வலம் மாறியவர்கள்தான்.
நாடகக் கொட்டகைக்குப் போகக் காசு மிஞ்சியதில்லை.
மினேகாவா உமேஜிரோவின் மூக்கு
எதோ நகரம் பார்த்த பக்கத்துக்கு
எதிர்ப்பக்கமாக வளையும் எனக்கு.

அவன் தோளருகே செவ்வந்தி.
அதற்கு மேலே அவனே எழுதிய மூன்று வரி:

பனி விழுந்தும்
உதிரத் தெரியவில்லை
வெள்ளைச் செவ்வந்திக்கு.

எழுத்து எனக்குச் சரளமில்லை,
திருப்பிப் போட்ட எழுத்தென்றால் தடுமாறாமல் படிப்பேன்.
காதோர முடிக்கு மூன்று நாள் ஆயிற்று,
ஒவ்வொரு முடிக்கும் மூச்சைப் பிடித்து.
நாலாம் நாள்
பூவின் கடைசி இதழில்
கத்தி நெல்முனை அளவு சறுக்கியது.
யாரிடமும் சொல்லவில்லை.

இருநூறு தாள் அச்சாகி ஈரம் காயுமுன்
உமேஜிரோ ஒசாகாவுக்குப் போய்விட்டான்.
சம்பளத் தகராறு என்றார்கள்.
கடன் என்றார்கள்.
தேநீர்க் கடைக்காரி வேறொன்று சொன்னாள்.
பதிப்பாளர் தோமியா கணக்குப் பார்த்தார்:
பலகை விலை, என் கூலி, அந்த விலையேறிய நீலச்சாயம்.
"முகத்தையும் பேரையும் எடுத்துவிடு.
பூ இருக்கட்டும்.
பாட்டும் இருக்கட்டும், யார் கேட்கப் போகிறார்கள்?"

உளி வைத்துத் தட்டினேன்.
நெற்றி முதல் தாடை வரை
ஒரே துண்டாய்ப் பெயர்ந்து வந்தது.
பள்ளத்தில் புதுக்கட்டை இறுக்கி
தாம்பேயைச் செதுக்கினேன்.
அவனுக்கு அகன்ற முகம்.
பழைய கொண்டைக்குப் பொருந்த
நெற்றியைக் கொஞ்சம் திருடவேண்டியிருந்தது.
வாங்கியவர்கள் வாய் ஓயவில்லை,
தாம்பேய் என்னமாய் எழுதுகிறான்!

பெயர்த்த முகம்
என் மேசைக்காலுக்கு அடியில் போனது.
மேசை ஆடுவது நின்றது.

மூன்றாம் மாதம்,
செர்ரி பூத்து ஊரே குடித்திருந்த ஒரு மாலை
கூலி வாங்கப் போயிருந்தேன்.
ஒப்பனை இல்லாத ஒருவன்
கடை வாசலில் தொங்கிய படத்தை
வெகுநேரம் பார்த்தான்.
உதடு அசைய மூன்று வரியையும் படித்தான்.
சிரித்தான்.
ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸ் காசுக்கு
ஒன்றைச் சுருட்டி வாங்கிக்கொண்டான்.
போகத் திரும்பியவன் நின்று கேட்டான்:
"அந்தக் கடைசி இதழ்,
வேண்டுமென்றே செய்ததா?"

ஆமாம் என்றேன்.

விளக்கு வெளிச்சத்தில் தலையசைத்தான்.
அவன் மூக்கு
மறுபக்கம் வளைந்திருந்தது.