பிடரி

முதல் ஷாட்டில் அவனுக்கு முகமே இல்லை.
பிடரி மட்டும்.
காலரில் பிரிந்து நிற்கும் ஒரு நூல்,
அதற்கு மேலே புதிதாய் முடிவெட்டிய கோடு,
கோட்டைத் தாண்டி இறங்கும்
ஒரே ஒரு சொட்டு வேர்வை.

கன்னங்குறிச்சியில் ஒரு சந்து, மாலை நாலரை.
சந்து முடிகிற இடத்தில் சேர்வராயன் மலை
யாரோ கூப்பிட்டு வந்து நிற்பது போல நின்றது.
தவணை வசூலிக்க வருகிறவன் அவன்.
கதைப்படி ஒரு வீட்டிலிருந்து
தையல் மெஷினைத் தூக்கிப் போக வேண்டும்.

ஜோதிலிங்கம் அவனை முதலில் நடக்கவிட்டார்.
ஒரு நிமிடம் எட்டு நொடி, நடுவில் வெட்டே கிடையாது.
அவன் தோளை விடாமல் கேமரா,
கடன்காரனுக்குப் பின்னால் இன்னொரு கடன்காரன் மாதிரி.
செருப்பு வார் அறுகிறது. குனிகிறான்.
நாங்களும் குனிகிறோம்.
தட்டுவடைக் கடை முன்னால் தயங்கி
சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கடக்கிறான்.
எனக்கே பசித்தது.

நான் ஃபோகஸ் இழுப்பவன்.
எது தெளிவாய் இருக்கலாம் என்பதை
விரலால் முடிவு செய்கிற வேலை,
முடிவு மட்டும் என்னுடையதில்லை.
டேப் பிடித்து அளந்து சாக்பீஸில் குறித்திருந்தேன்:
நாலடி, அவன்.
ஒன்பதடி, கதவு.
"கதவு திறந்தாலும் நீ நாலடியிலயே நில்லு.
அந்தம்மா மூஞ்சி தெரிஞ்சுட்டா
படம் அங்கயே அவங்க படமாயிடும்."

அந்தம்மா நடிகை இல்லை.
வர வேண்டியவள் ஈரோட்டைத் தாண்டவில்லை.
"நீங்களே நில்லுங்க, முகம் விழாது" என்று
வீட்டுக்காரி அம்சவேணியை நிறுத்தியிருந்தோம்.
நாள் வாடகை மூவாயிரம், மெஷினும் சேர்த்து.
பாதி தைத்த பள்ளிச் சீருடை ஒன்று
ஊசிக்கடியில் அப்படியே இருந்தது.
நிஜமாக இருக்கிறது, எடுக்காதே என்றார் ஆர்ட் டைரக்டர்.

நாலாவது டேக்.
கதவு திறந்தது.
ஒன்பதடியில் ஒரு நிறம். மஞ்சளா, பச்சையா,
தண்ணீருக்கடியில் கிடப்பது போல.
அதிலிருந்து ஒரு கை வந்து
நிலைச்சட்டத்தைப் பிடித்தது.
யாரும் சொல்லித்தராத பிடி.

என் விரல் நகர்ந்தது.

மூன்று நொடிதான்.
பிடரி பழுப்புக் கறையாகிவிட்டது.
அவள் வந்தாள்:
ஊசி முறிந்து தெறித்த தழும்பு கண்ணுக்குக் கீழே,
துப்ப மறந்த நூல் உதட்டில்.
சந்து முழுக்க எங்களை நடக்க வைத்தவன்
இப்போது ஒரு முதுகு.
வெளிச்சத்தை மறைத்து நிற்கிற முதுகு.
செருப்பு அறுந்தது யாருக்கும் ஞாபகமில்லை.

"கட்."
திட்டுவார் என்று நினைத்தேன்.
மானிட்டரையே பார்த்துக்கொண்டு தண்ணீர் குடித்தார்.
"எனக்கும் தெரியும்டா" என்றார்.
"இன்னொண்ணு போலாம்."
ஆறாவது ஓகே.
ஆறு முறையும் அம்சவேணி அதே மாதிரிதான் பிடித்தாள்.
அதற்கு முன்னால் எத்தனை முறையோ.

பத்து மாதம் கழித்து ஐந்து ரோடு தியேட்டரில்
எனக்கு முன் வரிசையில் வந்து உட்கார்ந்தாள்.
கனகாம்பரம், புது ரவிக்கை, கூடத் தங்கச்சி மகள்.
வார் அறுந்ததும் அரங்கமே "ச்சே" என்றது.
அவளும்தான்.
கதவு திறந்தது. நிறம் வந்தது. கை வந்தது.
திரையைப் பார்க்காமல் நான்
அவள் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
நாலடி இருக்கும்.
ஒன்றும் அசையவில்லை.

இடைவேளையில் அடையாளம் கண்டு சிரித்தாள்.
பாப்கார்னை நீட்டினாள்.
"பாவம் அந்தத் தம்பி,
காலைலேருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டான்.
எவ்வளவு நேரம் வெயில்ல நிக்கிறான்.
அவ கதவக் கொஞ்சம் சீக்கிரம்
தொறந்திருக்கலாம்."